நான்சியைப் பலி கொடுத்திருக்கலாமா?

முதல்லயே சொல்லிடறேன், இந்தக் கட்டுரை முழுக்க ஸ்பாய்லர்தான். 'சூப்பர்நேச்சுரல்' சீரியலை இனிமேல்தான் பார்க்கப் போறீங்கன்னா, நாலு சீசனை முடிச்சுட்டு வாங்க. நாங்க எங்கயும் போயிட மாட்டோம்.

2005 முதல் 2020 வரை 15 சீசன், 327 எபிசோட் ஓடிய அமெரிக்கத் தொடர் இது. பேய் பிசாசுகளை வேட்டையாடும் சாம், டீன் என்ற அண்ணன் தம்பியின் கதை. அதில் ரசிகர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்கக்கூடிய ஒரு எபிசோடை இன்னிக்கு எடுத்துக்குவோம். மூன்றாவது சீசனின் 12வது எபிசோட், 2008 பிப்ரவரியில் வந்த 'ஜஸ் இன் பெல்லோ'.

சகோதரர்கள் இருவரும் ஒரு சின்ன ஊர் போலீஸ் ஸ்டேஷனில் மாட்டிக்கிறாங்க. வெளியே முப்பதுக்கும் குறையாத பிசாசுகள், எல்லாம் அப்பாவி மனுஷங்க உடம்புக்குள் புகுந்து நிற்குது. அப்போது ரூபி என்ற பிசாசு உதவிக்கு வருகிறாள். அவளிடம் ஒரு மந்திரம் இருக்கு. ஒரு மைல் சுற்றளவில் உள்ள எல்லாப் பிசாசும் அழியும், அவளும் சேர்த்துத்தான். ஆனால் அதற்கு ஒரு கன்னிப் பெண்ணின் இதயம் வேணும். ஸ்டேஷனில் வேலை பார்க்கும் நான்சிதான் அந்தப் பெண். எல்லோரும் பிழைப்பாங்கன்னா சரி என்று அவளே சம்மதிக்கிறாள்.

இப்போ நீங்க என்ன செய்வீங்க?

'ஒரு உயிரா, பல உயிரா, கணக்குப் போடு' என்பது ரூபி கட்சி. 1967இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அறிஞர் எழுப்பிய டிராலி பிரச்சினையும் இதே ஜாதிதான். எதிர்க் கட்சிக்குத் துணை ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட். மனுஷனை வெறும் கருவியாகப் பயன்படுத்தாதே என்பது அவர் வாதம். நான்சியின் சம்மதம் இதை மாற்றுமா? வாசலில் முப்பது பிசாசு நிற்க, 'நீ செத்தால்தான் வழி' என்று சொல்லி வாங்கும் சம்மதத்தில் சுதந்திரம் எவ்வளவு இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

எபிசோடின் தலைப்பே இங்கே ஒரு க்ளூ. அது லத்தீன் சொல். போர் என்று வந்த பிறகும் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று வகுக்கும் சட்டத்துக்குப் பெயர். 1949 ஜெனீவா ஒப்பந்தங்கள் அந்த வகைதான்.

டீன் மறுத்துடறான். கதவைத் திறந்து பிசாசுகளை உள்ளே விட்டுச் சண்டை போட்டு, பேயோட்டும் மந்திரத்தை ஸ்பீக்கரில் ஒலிக்க விடுறாங்க. திட்டம் பலிக்குது. சகோதரர்கள் கிளம்பின பிறகு லிலித் என்ற பெரிய பிசாசு சின்னப் பெண் உருவத்தில் வருகிறாள். நான்சி உட்பட அங்கே இருந்த எல்லோரும் செத்துடறாங்க.

'பார்த்தியா, ரூபி சொன்னதுதான் சரி' என்று இங்கே ஒரு குரல் எழும். அவசரப்படாதீங்க. முடிவு எடுக்கும் நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்துத்தான் முடிவை எடை போடணும். லிலித் வருவாள் என்பது டீனுக்குத் தெரியாது. இன்னொன்று, கணக்கைக் கொடுத்தது யார்? ரூபி. இந்தச் சகோதரர்களுக்கு உதவுவது போல நடித்து, லூசிபரை வெளியே கொண்டுவர வேலை பார்த்தவள் அவள் என்பது நாலாவது சீசன் கடைசியில் தெரியும். 'இரண்டே வழிதான்' என்று ஒருத்தர் சொன்னால், விடை தேடுவதற்கு முன்னாடி அந்த இரண்டை எழுதிக் கொடுத்தது யார் என்று பார்க்கணும்.

அதுக்காக டீனுக்கு நூற்றுக்கு நூறு போட முடியாது. ஜெயிச்சதும் வண்டியை எடுத்துக்கிட்டு அண்ணன் தம்பி கிளம்பிட்டாங்க. நடந்ததெல்லாம் தெரிஞ்ச சாட்சிகள் அந்த ஸ்டேஷனிலேயே பாதுகாப்பில்லாமல் கிடந்தாங்க. 'முடியாது' என்று சொன்னது சரி. அப்படிச் சொன்ன பிறகு அந்த உயிர்களைக் காக்கும் பொறுப்பு கூடுது. அங்கேதான் அவங்க கோட்டை விட்டாங்க.

நம்ம ஊர் லேபுக்கு வாங்க. ரெக்கார்ட் நாளைக்குக் கொடுக்கணும், ரீடிங் ஒத்து வரல. 'மாத்திப் போடு மச்சான், வேற வழியே இல்ல' என்று ஒருத்தன் சொல்வான். மாட்டேன்னு சொல்வது நல்ல விஷயம். ஆனா சொல்லிட்டு ஹாஸ்டலுக்குத் தூங்கப் போயிட்டா டீம் மொத்தமும் மாட்டும். சார்கிட்ட ஒரு நாள் டைம் கேட்கணும், திரும்ப சர்க்யூட்டைப் போட்டு ரீடிங் எடுக்கணும். அந்த வேலையும் அந்த 'மாட்டேன்'ல சேர்த்திதான்.

சரி, நீங்க டீன் கட்சியா, ரூபி கட்சியா? காரணத்தோட எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல சண்டை போடலாம்.