விசிறியின் சுருதி

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதுவது இலக்கியக் கட்டுரையாகவே இருத்தல் வழக்கம். ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருளோ விசிறியின் இரைச்சல். விழாவையொட்டி மாணவர் பாடிய தேவாரங்களை ஒலிப்பதிவு செய்யப் புகுந்து, அவ்விரைச்சலோடு பதினெட்டு நாள்கள் மல்லாடினோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டிலேயே ஒலிப்பதிவறை வைத்திருக்கும் பழைய மாணவர்க்கும், பௌதிகம் கற்கும் இன்றைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படுமாதலின் இதனை எழுதத் துணிந்தோம்.

புதுக்கடையில், நீதிமன்றங்களுக்கு அணித்தான ஒழுங்கையொன்றில் எம் பழைய மாணவர் ஒருவரின் வீடு உளது. மேல்மாடியில் ஒரே அறை. அதன் மூலையில் ஓர் இரும்பு இறாக்கை; 19 அங்குல அகலமுடைய கருவிகள் அதில் ஒன்றன்மேலொன்றாகத் திருகப்பட்டிருந்தன. கணினி, ஒலிபெருக்கியை இயக்கும் மின்கருவி, பிறவும் சேர்ந்து நான்கு விசிறிகள். பாடவிருந்த சிறுவனுக்கு வயது பதின்மூன்று. "இன்னும் மூன்று வாரத்தில் இந்தக் குரல் உடைந்துவிடும்" என்று அவனுடைய இசையாசிரியர் எச்சரித்தே அனுப்பியிருந்தார்.

முதல்நாட் பதிவைத் திருப்பிக் கேட்டபோது, பாட்டுத் தொடங்குமுன் தம்புரா மட்டும் ஒலிக்கும் இடத்தில் சிறுவன் காதணியைக் கழற்றினான். "சேர், தம்புரா நடுங்குது" என்றான். தம்புராவிற் பிழையில்லை. அவன் பாடியது ஐந்தரைக் கட்டை. அதன் சட்சம் செக்கனுக்கு ஏறத்தாழ 208 அதிர்வுகள் கொண்டது. கணினியின் விசிறிக்கோ ஏழு இறகுகள். நிமிடத்துக்கு 1,800 சுற்று, அதாவது செக்கனுக்கு 30 சுற்று. இறகு ஒவ்வொன்றும் கடக்குந்தோறும் காற்றைத் தட்டுதலின் ஏழையும் முப்பதையும் பெருக்க 210 அதிர்வு பிறக்கும். மிக நெருங்கிய இரு மீடிறன்கள் ஒருங்கே ஒலித்தால் அவற்றின் வித்தியாச அளவிற்கு அடிப்புகள் தோன்றும் என்பது நம் மாணவர் பாடமாகப் படிப்பதே. செக்கனுக்கு இரண்டு முறை தம்புரா பெருகிச் சிறுத்ததன் காரணம் அதுவே. விசிறி தானும் ஒரு சுருதி பிடித்திருந்தது; சற்றே பிசகிய சுருதி. சிறுவனின் காதைப் பாராட்டினோம். எம் காதுக்கு அது முதலில் எட்டவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம்.

தமிழாசிரியனுக்கு இக்கணக்கு ஏன் எனச் சிலர் வினவக்கூடும். சுவரங்களின் அளவுகளைக் கணிதத்தால் ஆராய்ந்து விபுலானந்த அடிகள் 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அவ்வழியில் ஓரடியேனும் நடக்க நமக்கு உரிமையுண்டு.

பண்டை நாளில் இத்தொல்லை இருந்ததில்லை. புனலின் வாயிலே உரத்துப் பாடினாலன்றித் தட்டிற் குரல் ஏறாது. மெல்லிய இரைச்சல் அதற்கு எட்டவே எட்டாது. 1925இல் ஒலிவாங்கியைக் கொண்டு மின்வழிப் பதிவு பரவத் தொடங்கிற்று. கொழும்பில் வானொலி தொடங்கியதும் அவ்வாண்டின் இறுதியிலேயே. ஒலிவாங்கி முணுமுணுப்பையும் கேட்கும், விசிறியையும் கேட்கும். ஆதலின் வானொலி நிலையங்களிற் பாடுவோர் ஓரறையிலும் கருவிகள் மற்றோரறையிலுமாக, இடையே கண்ணாடிச் சுவர் வைத்துப் பிரித்தனர். இடமுள்ளோர்க்கு இன்றும் அதனினும் சிறந்த வழியில்லை. புதுக்கடை வீட்டில் மற்றோர் அறைக்கு எங்கே போவது?

நாம் செய்த முதற் பரிகாரம் பெரும்பிழை. "சேர், பெட்டியடித்து மூடிவிட்டால் போச்சு" என்றார் வீட்டுக்காரர், நாமும் தலையசைத்தோம். ஒட்டுப்பலகைப் பெட்டியினுள் இறாக்கையை அடைத்து, உள்ளே மெத்தைப் பஞ்சு ஒட்டினோம். இருபது நிமிடம் இன்ப அமைதி. பின்னர் விசிறிகள் முன்னினும் உரத்து ஓலமிட்டன. மூன்றாம் பதிகத்தின் நடுவே கணினி தானே நின்றுவிட்டது. பதிவும் போயிற்று, சிறுவனின் ஒரு மாலைப்பொழுதும் போயிற்று.

வெப்பத்துக்கு வெளியேற வழி வேண்டும் என்பதை மறந்தமையே இதன் காரணம். கருவிகள் 200 வாற்று மின்னை உண்டால் அத்தனையும் ஈற்றில் வெப்பமாகும். பெட்டியின் காற்று அறையினும் 10 பாகைக்கு மேற் சூடேறாதிருக்க, நிமிடத்துக்கு ஒரு கன மீற்றர் காற்று அதனூடே செல்லவேண்டும். குளிர்நாட்டில் அறை 20 பாகையில் இருக்கும். கொழும்பிலோ 30 பாகை. அவர்களுக்குள்ள இடைவெளி நமக்கில்லை.

ஆகவே காற்றைத் தடுக்கலாகாது, மெல்ல நடத்தவேண்டும். விசிறியின் சுற்று பாதியானால் காற்றும் பாதியாகும். இரைச்சலோ ஏறத்தாழ 15 தெசிபெல் குறையும். 10 தெசிபெல் குறைந்தாலே ஓசை பாதியாயிற்று எனக் காது கொள்ளும். விசிறியின் விட்டம் ஒன்றரை மடங்கானாலோ, ஒரு சுற்றில் அது தள்ளும் காற்று மூன்று மடங்குக்கு மேலாகும். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வழி புலப்படும்: சிறிய விசிறி விரைந்து சுற்றுவதினும் பெரிய விசிறி ஆறுதலாகச் சுற்றுவதே நன்று. ஒன்றேமுக்கால் அங்குல உயரமுடைய ஒற்றைத் தட்டுக் கருவிகள் அளவுக்கு மீறி இரைவதும் இதனாலேயே. அவற்றினுள் 40 மில்லிமீற்றர் விசிறிக்கு மேல் நுழையாது.

கணினியின் 80 மில்லிமீற்றர் விசிறியை நீக்கி 120 மில்லிமீற்றர் விசிறியை நிமிடத்துக்கு 700 சுற்றில் ஓடவிட்டோம். (மின்னைத் துண்டித்த பின்னரே மூடியைத் திறக்கவேண்டும். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறத்தலாகாது. துண்டித்த பின்னும் அதனுள் மின் தேங்கி நிற்கும்.) திருகாணிக்குப் பதில் இறப்பர் முளைகளை இட்டோம், இன்றேல் இறாக்கை முழுவதும் கூடவே அதிரும். இரு விசிறிகள் சமமாக இரைந்தால் ஒன்றை நிறுத்துவதாற் குறைவது 3 தெசிபெல்தான். ஆதலின் உரத்ததையே முதலில் தேடிப்பிடிக்க வேண்டும் என்பதையும் பட்டறிந்தோம். மற்றை மூன்றிலும் தூசி அடைந்திருந்தது, துடைத்ததே போதுமாயிற்று. வெள்ளவத்தைக் கடற்கரையில் வாழ்வோர்க்கு உப்புக்காற்றும் சேருமாதலின் அவர்கள் அடிக்கடி பார்த்துக்கொள்வது நலம்.

பழைய பெட்டியை எறிந்துவிடவில்லை. முன்புறத்து அடியில் ஒரு வாயும் பின்புறத்து மேலே ஒரு வாயும் வெட்டி, ஒவ்வொன்றையும் இருமுறை வளையும் பஞ்சுறை வழியாக்கினோம். வளைவிற் காற்று திரும்பிச் செல்லும். கூரிய ஓசை பஞ்சில் அடங்கும். ஒலிவாங்கியின் முதுகை இறாக்கைப் பக்கம் திருப்பி, பாடுவோனுக்கும் அதற்குமிடையிலுள்ள தூரத்தை இரண்டடியிலிருந்து ஓரடியாக்கினோம்; அதனால் மட்டும் குரலுக்கு 6 தெசிபெல் மிகுதி.

இரைச்சலைப் பின்னர்க் கணினியால் நீக்கலாமே எனின், நீக்கலாம். மெல்லெழுத்தின் கார்வையும் மூச்சின் நுனியும் அதனோடு போகும். ஓதுவது தேவாரமாயின் அவ்விழப்பை நாம் ஏற்கமாட்டோம்.

பதினெட்டாம் நாள் மாலை, நீதிமன்றம் கலைந்து ஒழுங்கை அடங்கிய பின்னர் மீண்டும் தொடங்கினோம். கூரை விசிறியையும் நிறுத்தியமையால் மூவரும் வியர்வையில் நனைந்திருந்தோம். சிறுவன் ஆறு பதிகங்கள் பாடினான். ஆறாவதின் ஈற்றடியில் அவன் குரல் ஓரிடத்தில் உடைந்தது. "திரும்பப் பாடட்டா, சேர்?" என்றான். வேண்டாம் என்றோம். பதிவைப் போட்டுக் கேட்டபோது, பாட்டுக்கு முன் தம்புரா அசையாது நின்றது.