கூட நடந்தால் பாரம் குறையும்

இந்த மாதப் பாடம் மனச்சோர்வு பற்றியது.

ஒரு உறுப்பினர் நாலு கூட்டமா வரலை, சேமிப்பும் கட்டலைன்னா "அவளுக்குப் பொறுப்பே இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். எதிலும் பிடிப்பில்லாமை, தூக்கம் கெடுதல், பசியின்மை, அசதி, "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் ஆகியவை அனேகமாக தினமும், 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது சோம்பல் இல்லை, நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 2000-களில் 'ரோடு' என்ற சுருக்கப் பெயரில் ஒரு திட்டம் நடந்தது. மனச்சோர்வை அனுபவித்த, வருமானம் குறைந்த பெண்களே தங்களைப் போன்ற மற்ற பெண்களுக்குக் கூட்டங்கள் நடத்தினார்கள். பாஸ்டன் கல்லூரியில் மனநல ஆலோசனை படித்த மாணவர்கள், பேராசிரியர் லிசா குட்மன் வழிகாட்டுதலில் அந்தப் பெண்களுக்குத் துணை நின்றார்கள்.

வழக்கமாக ஆலோசகர் ஒரு அறையில் உட்கார்ந்து, குறித்த நேரம் பேசுவார். இங்கே அப்படி இல்லை. எது முதல்ல வேணும்னு அந்தப் பெண் சொல்கிறாரோ, அதிலிருந்தே வேலை தொடங்கும். வீட்டுப் பிரச்சினையோ, உதவித்தொகையோ, மாணவர் கூடவே நின்று வழி தேடுவார். முடிவு எடுப்பது அந்தப் பெண்தான்.

இதில் மாணவர்கள் கற்ற பாடம் பெரியது. வாடகை கட்ட வழியில்லாமல் தூக்கம் வராதவரிடம் "நல்லதையே நினைங்க" என்றால் போதாது. மனசுக்கும் ஆறுதல் வேணும், வாடகைக்கும் வழி வேணும்.

நாம் செய்யக்கூடியது:

1. வராத உறுப்பினர் வீட்டுக்கு இரண்டு பேர் போங்க. தவணைப் பேச்சை முதலில் எடுக்காதீங்க.
2. "எதை முதல்ல சரிபண்ணலாம்?" என்று அவரையே கேளுங்க.
3. ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூடவே போங்க. மனுவை அவரே கொடுக்கட்டும்.
4. கேட்டதை வெளியே சொல்லாதீங்க.
5. சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீங்க. உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்க. 'டெலி மானஸ்' இலவச எண் 14416-ல் 24 மணி நேரமும் பேசலாம்.

கூட்டத்தில் பேச: நம்ம குழுவில் சமீபமா வராமல் இருப்பவர் யார்? இந்த வாரம் அவரைப் பார்க்கப் போவது யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதாமல், போகிறவர்களை மட்டும் முடிவு செய்யுங்க.