பள்ளித் தோட்டமும் ஒரு வகுப்பறைதான்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், தவணை என்று நம் குழுக் கூட்டங்களில் பேசாத விஷயம் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பற்றி எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்? இந்த மாதப் பாடமாகப் பள்ளித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். "தோட்டத்துல படிக்க என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். முதலில் நாங்கள் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறோம்.

நடந்தது என்ன?

எங்கள் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளி. பெயர் வேண்டாம். கூட்டமைப்பின் உதவியோடு அங்கே ஒரு தோட்டம் போட்டோம். கன்றுகள் வாங்கி நட்டு, வேலி கட்டி, பெயர்ப் பலகையும் வைத்தோம். போட்டோ எடுத்தாயிற்று. நாங்கள் அடுத்த ஊர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

மூன்று மாதம் கழித்து, அந்த ஊர்க் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "மேடம், எம் புள்ளய படிக்க அனுப்புனேனா, தண்ணி தூக்க அனுப்புனேனா? நான்தான் கூலிக்குப் போறேன். அவனும் மம்முட்டி எடுக்கணுமா?"

விசாரித்துப் பார்த்தோம். தண்ணீர் தூக்குவது, குப்பை அள்ளுவது எல்லாம் அவர்கள் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேர் தலையில்தான் விழுந்திருந்தது. மற்ற பிள்ளைகள் அந்த நேரத்தில் வகுப்பில் இருந்தார்கள். ஏன் என்று கேட்டால், "அந்தப் பசங்களுக்குத்தான் இந்த வேலை பழக்கம்" என்று பதில் வந்தது. 'பழக்கம்' என்ற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் கன்றுகளும் காய்ந்து போயின. அந்த அக்காவின் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு, எல்லாவற்றையும் மாற்றித் திரும்பத் தொடங்கினோம்.

வேலை எது? பாடம் எது?

ஒரு பிள்ளை செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனால் அது வேலை. "இன்னைக்கு எத்தனை குவளை ஊத்தினோம்? நிழல்ல இருக்கிற பாத்தி ஏன் இன்னும் ஈரமா இருக்கு?" என்று பார்த்து, பேசி, நோட்டில் எழுதினால் அது பாடம். இரண்டுக்கும் மண் ஒன்றுதான், செடியும் ஒன்றுதான். கேள்வி இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

இது புதுசாக வந்த எண்ணமும் இல்லை. கை வேலையோடு சேர்ந்த கல்வி வேண்டும் என்று காந்தியடிகள் 1937-இல் வார்தா மாநாட்டில் ஆதாரக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். 2019-இல் மத்திய அரசும் பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க வழிகாட்டுதல் வெளியிட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கு என்ன பயன்?

கணக்கைப் பாருங்கள். 6 அடி நீளம், 3 அடி அகலத்தில் ஒரு பாத்தி. வெண்டைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஓர் அடி விட வேண்டும். எத்தனை செடி வைக்கலாம்? பாத்தியின் பரப்பு 18 சதுர அடி. ஒரு செடிக்கு ஒன்றரை சதுர அடி. 18-ஐ ஒன்றரையால் வகுத்தால் 12. கரும்பலகையில் பின்னம் என்றாலே மிரள்கிற பிள்ளை, இங்கே கயிறும் குச்சியும் வைத்து இரண்டு வரிசையில் ஆறு ஆறாக 12 குழி எடுத்துக் காட்டிவிடும்.

20 விதை போட்டதில் 15 முளைத்தால் நூற்றுக்கு எவ்வளவு? 75. விழுக்காட்டுக் கணக்கு அங்கேயே முடிந்தது. மீதி 5 ஏன் முளைக்கவில்லை என்ற கேள்வியில் அறிவியல் பாடம் தொடங்குகிறது. பழைய விதையா, ஆழமாகப் போட்டோமா, தண்ணீர் தேங்கியதா?

பூசணிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு இருக்கும். தேனீ வராவிட்டால் அந்தப் பிஞ்சு வெம்பி விழும். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு மகரந்தச் சேர்க்கையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று, சாப்பாடு. கீரையைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற பிள்ளைகள், தாங்கள் விதைத்த தண்டுக்கீரை சத்துணவுச் சாம்பாரில் வந்தபோது, "இது எங்க பாத்திக் கீரை" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நாங்கள் பார்த்தோம். நான்கு பாத்தி பள்ளிக்கே காய்கறி தந்துவிடாது. ஆனால் சாப்பிடும் ஆசையைத் தரும்.

வளரிளம் பருவத்தினருக்கு என்ன பயன்?

தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு இரத்த சோகை இருப்பதாக 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. வயசுக்கு வந்த நம் பெண் பிள்ளைகளும் இதில் அடக்கம். கீரை, முருங்கை, பயறு எதற்கு என்று தோட்டத்தில் நின்று பேசும்போது அது அவர்கள் காதில் ஏறுகிறது. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் சரியாகச் சேராது. பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரைக்குத் தோட்டம் மாற்று ஆகாது. மாத்திரையையும் தவறாமல் சாப்பிட வேண்டும்.

பொறுப்பும் இந்த வயசில்தான் வர வேண்டும். எந்தப் பட்டத்தில் என்ன விதைப்பது, விதை எவ்வளவு, செலவு எவ்வளவு என்று பெரிய பிள்ளைகளே பதிவேடு எழுதட்டும். நம் குழுப் பதிவேடு போலத்தான். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், முருங்கைப் போத்து நடுவது எப்படி என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தான். பள்ளிக்கு வராத நாட்களும் குறைந்தன. தோட்டத்தால் மட்டும் மார்க் ஏறிவிடும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். பள்ளிக்கூடத்தில் தனக்கும் ஒரு இடம் உண்டு என்று அந்தப் பிள்ளை நினைக்கிறதே, அது பெரிசு.

ஆசிரியர்களுக்கு என்ன பயன்?

ஆசிரியருக்கு ஏற்கெனவே வேலை அதிகம். தோட்டம் கூடுதல் சுமை என்று அவர் நினைத்தால் தப்பில்லை. ஆகவே பாடவேளைக்குள்ளேயே, வாரம் இரண்டு வகுப்பு என்று தொடங்கினோம். நாளடைவில் ஓர் ஆசிரியை எங்களிடம், "மேடம், சார்ட் எழுதுற வேலை குறைஞ்சுது. இலை, வேர், பூச்சி எல்லாம் வெளியிலயே இருக்கு" என்றார். இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியருக்கு இது இன்னும் வசதி. சின்னது எண்ணும், பெரிசு அளந்து எழுதும்.

அந்த ஆசிரியை நகரத்தில் வளர்ந்தவர். விதை நேர்த்தி தெரியாது. தெரிந்தவர் யார்? முதல் ஆண்டு கேள்வி கேட்டாரே, அதே அக்காதான். செடியிலேயே முற்றிக் காய்ந்த வெண்டைக்காயில் விதை எடுத்து, சாம்பல் கலந்து வைப்பதை வகுப்பில் வந்து காட்டினார். கைநாட்டு வைக்கிற தன்னைப் பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டதாகச் சொல்லிக் கண் கலங்கினார். அன்றுதான் அவருக்குக் கொஞ்சமாவது பதில் சொன்ன மாதிரி எங்களுக்கு இருந்தது.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

1. முறைப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், எல்லா வேலையும் முறை வைத்துச் செய்ய வேண்டும். ஆசிரியரும் மண்ணில் கை வைக்க வேண்டும்.
2. தண்டனையாகத் தோட்ட வேலை கொடுக்கவே கூடாது.
3. செருப்பு இல்லாமல் மண்ணில் இறங்கக் கூடாது. கொக்கிப்புழு கால் வழியாக உடம்பில் ஏறி இரத்தத்தைக் குறைக்கும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.
4. பூச்சி மருந்து வேண்டவே வேண்டாம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலையும் பெரியவர்களே தெளிக்க வேண்டும். கண்ணில் பட்டால் எரியும்.
5. தட்டுக் கழுவும் தண்ணீரை வாழைக்கும் பப்பாளிக்கும் திருப்பி விடலாம்.
6. கோடை விடுமுறைக்கு இப்போதே ஆள் குறித்து வையுங்கள். பள்ளித் தோட்டம் சாவது மே மாதத்தில்தான். வாரத்துக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொண்டால் யாருக்கும் பாரம் இல்லை.

நாம் கேட்கலாமா?

தாராளமாகக் கேட்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கும் அதில் உரிய இடம் உண்டு. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் அடுப்படியில் நிற்பதும் நம் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். பள்ளிக்கூடம் நமக்கு அந்நிய இடம் இல்லை.

இந்த மாதக் கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்

* நம் ஊர்ப் பள்ளியில் தோட்டம் இருக்கிறதா? அதில் யார் வேலை செய்கிறார்கள்? எந்தத் தெருப் பிள்ளைகள்?
* நம் குழுவில் யாரிடம் நாட்டு விதை இருக்கிறது? யார் பள்ளிக்குப் போய்ச் சொல்லிக் கொடுப்பார்?
* பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் உறுப்பினர் யார்? அடுத்த கூட்டத்தில் அவர் எதைக் கேட்க வேண்டும்?
* கோடையில் தண்ணீர் ஊற்ற நம் குழுவின் வாரம் எது?

எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதிகளும் கையெழுத்திடுங்கள். மறுநாளே தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம், நாலு பேர் சேர்ந்து போங்கள். போகும்போது முந்தானையில் ஒரு பிடி விதையும் முடிந்துகொண்டு போங்கள்.