தானியங்கிக் கியர்ப் பெட்டியும் போடிமெட்டு மலைப்பாதையும்

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி மாவட்டத்து மூணாற்றுக்குச் செல்லும் சாலை, 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு பகுதியாகும். மலையடிவாரத்திலிருந்து மாநில எல்லையான போடிமெட்டு வரையில் அதில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. போடிநாயக்கனூருக்கும் போடிமெட்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். ஏறிய கியரிலேயே இறங்குதல் வேண்டும் என்பது மலைப்பாதை ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் விதி. கிளச்சு மிதி இல்லாத வண்டிகளுக்கும் இவ்விதி பொருந்துமா? அத்தகைய வண்டியின் கியர்ப் பெட்டியைச் சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஏற்ப வலுப்படுத்த விரும்புவோர் முதலில் எதைச் செய்தல் வேண்டும்? வெப்பம் எங்கே தோன்றுகிறது, எங்கே செல்கிறது என்பதை அறிந்தால் இவ்விரு வினாக்களுக்கும் விடை கிடைக்கும்.

எண்ணெய் வழியே செல்லும் விசை

தானியங்கிக் கியர்ப் பெட்டிகள் பல வகைப்படும். அவற்றுள் முறுக்குவிசை மாற்றி அமைந்த வகையே இங்கு விளக்கப்படுகிறது. இம்மாற்றியை ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்கென வகுத்தார். பின்னர் அது மோட்டார் வண்டிகளுக்கு வந்தது.

இதன் அடிப்படையை வகுப்பறையில் எளிதில் காட்டலாம். இரு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், மின்னிணைப்பு இல்லாத மற்றொன்றும் மெல்லச் சுழலத் தொடங்கும். கியர்ப் பெட்டியில் காற்றின் இடத்தில் எண்ணெய் உள்ளது. எஞ்சினோடு இணைந்த சக்கரம் எண்ணெயை வீச, அவ்வெண்ணெய் கியர்களோடு இணைந்த சக்கரத்தைச் சுழற்றுகிறது. இடையிலுள்ள மூன்றாவது சக்கரம் திரும்பிவரும் எண்ணெயின் திசையை மாற்றி அனுப்புவதால், வண்டி புறப்படும்போது முறுக்குவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகும்.

இரண்டாவது விசிறி முதல் விசிறியின் வேகத்தை எட்டுவதில்லை என்பதை மாணவர்கள் கவனிப்பார்கள். இப்பின்தங்கலே வழுக்கல் எனப்படும். வழுக்கலில் இழக்கப்படும் ஆற்றல் முழுவதும் எண்ணெயை வெப்பமாக்குகிறது. வண்டி ஓரளவு வேகம் பெற்றதும் பூட்டுக் கிளச்சு இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைத்து வழுக்கலை நீக்கிவிடும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் வேகம் குறையும்போது அப்பூட்டு விடுபடுகிறது. எஞ்சினோ அப்போதுதான் மிகுதியாக உழைக்கிறது.

வெப்பத்தின் கணக்கு

எஞ்சின் 40 கிலோவாட் திறன் தரும்போது மாற்றி அதில் 80 விழுக்காட்டை மட்டுமே கடத்துவதாகக் கொள்வோம். எஞ்சிய 8 கிலோவாட் வெப்பமாகிறது. இது ஒரு கிலோவாட் நீர்ச்சூடேற்றிகள் எட்டினை எண்ணெயில் இட்டதற்கு ஒப்பாகும். பெட்டியில் 7 லிட்டர் எண்ணெய் இருந்து, வெப்பம் வெளியேற வழியின்றிப் போனால், ஒரே நிமிடத்தில் எண்ணெயின் வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்துவிடும்.

இவ்வெண்ணெய் வழக்கமாக 80 முதல் 95 டிகிரி வரையில் வேலை செய்யும். சுமார் 115 டிகிரிக்கு மேல் அது சிதைந்து வார்னிஷ் போன்ற படிவை உண்டாக்கும். வெப்பம் மேலும் ஏறினால் ரப்பர் அடைப்புகள் இறுகும். கிளச்சுத் தட்டுகள் கருகும். சிவந்த எண்ணெய் பழுப்பு நிறமடைந்து கருகல் மணம் வீசுதல் இதன் அறிகுறியாகும்.

வலுப்படுத்தும் முறை

ஆகவே வலுப்படுத்தும் பணியைக் குளிர்விப்பதிலிருந்தே தொடங்குதல் வேண்டும். ரேடியேட்டரின் முன்புறம் தனி எண்ணெய்க் குளிர்விப்பானை அமைப்பது முதற்படி. மூணாற்றின் குளிர்காலக் காலைகளில் எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிராதிருக்க, வெப்பநிலைக்கேற்பத் திறக்கும் வால்வு அதற்குத் தேவை. அடுத்தது, தயாரிப்பாளர் குறித்த வகை எண்ணெயை உரிய காலத்திற்கு முன்னரே மாற்றுதல். ஒரு வகைப் பெட்டிக்குரிய எண்ணெயை மற்றொரு வகைக்கு ஊற்றுதல் கூடாது.

இவற்றின் பின்னரே வால்வுத் தொகுதியில் எண்ணெயின் அழுத்தத்தை உயர்த்துவதும், உறுதியான கிளச்சுத் தட்டுகளைப் பொருத்துவதும் பயன் தரும். அழுத்தம் உயர்ந்தால் தட்டுகள் விரைந்து பற்றிக்கொள்ளும். உராயும் நேரம் குறையும். அழுத்தம் மிகுந்தாலோ கியர் மாறுந்தோறும் வண்டி அதிரும். மழையில் நனைந்த வளைவில் அவ்வதிர்ச்சி டயரின் பிடிப்பை இழக்கச் செய்யக்கூடும்.

சாலையின் தேவையும் தடத்தின் தேவையும் மாறுபடுவது மாற்றியைத் தேர்ந்தெடுப்பதில்தான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற இடத்தில், எஞ்சின் உயர்ந்த சுழற்சியை அடைந்த பிறகே இறுகப் பற்றும் மாற்றி விரைந்து புறப்பட உதவும். அதே மாற்றி மலையேற்றத்தில் ஓயாது வழுக்கி எண்ணெயைக் காய்ச்சும். இரண்டிற்கும் ஒரே வண்டியைப் பயன்படுத்துவோர் வழக்கமான மாற்றியை வைத்துக்கொண்டு, பூட்டுக் கிளச்சை மட்டும் உறுதியாக்குதல் நன்று. வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆதலின் பதிவு அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

இறக்கம்

போடிமெட்டிலிருந்து 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 15 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 30 டிகிரியிலுள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொணர இது போதும். காற்றின் தடையும் டயர்களின் உராய்வும் இதில் ஒரு பகுதியை ஏற்கும். எஞ்சியதைப் பிரேக்குகள் மட்டுமே ஏற்றால், அவற்றின் திரவம் கொதித்து, மிதி அழுத்தியும் வண்டி நிற்காமற் போகலாம்.

தேர்வுக்கோலை 'டி' என்னும் இடத்திலேயே விட்டால், பெட்டி தானாக உயர் கியருக்குச் சென்றுவிடக்கூடும். எஞ்சின் வண்டியைத் தடுத்து நிறுத்தாது. ஆகவே முதல் வளைவுக்கு முன்னரே 'எல்', '2' அல்லது கையால் கியர் மாற்றும் நிலையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுதலும் எஞ்சினை நிறுத்துதலும் அறவே கூடாது. எஞ்சின் நின்றால் எண்ணெய்ப் பம்பும் நின்றுவிடும். பிரேக்குக்கும் ஸ்டீரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசையும் குன்றும்.

ஏறிய கியரிலேயே இறங்குதல் என்னும் பழைய விதி தானியங்கி வண்டிக்கும் பொருந்துவதாம். பழைய வண்டியில் அந்தக் கியரைத் தேர்ந்தவர் ஓட்டுநர். புதிய வண்டியிலும் இறக்கத்தில் அதைத் தேர்தல் அவர் கடமையே. குளிர்விப்பானோ புதிய தட்டுகளோ அக்கடமையை ஏற்க இயலா.