பழைய கணினியைத் திருத்துவதா, புதியது வாங்குவதா?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என நமது கரையோர ஊர்களில் பல வீடுகளின் மூலையில் ஒரு பழைய கணினி துணி போர்த்தியபடி இருக்கிறது. காக்காமார் படித்த காலத்தில் வாங்கியது, 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டபோது மீண்டும் தூசு தட்டப்பட்டது, பிறகு "சரியான ஸ்லோ" என்று கைவிடப்பட்டது. இப்போது உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை ஒருத்தி அந்த வீட்டில் இருந்தால் கேள்வி மீண்டும் எழும். இதைத் திருத்துவதா? புதியது வாங்குவதா?

எங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. உம்மா தனது காப்பில் ஒன்றை விற்று மடிக்கணினி வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த வார்த்தைதான் என்னை அவசரப்படாமல் யோசிக்க வைத்தது. பாடத்தில் படித்தவற்றைக் கொண்டு இந்த முடிவை எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடிந்தது. அந்த வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் நோயை அறிவோம்

"கணினி மெதுவாக இருக்கிறது" என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறி மட்டுமே. காய்ச்சல் என்று போனால் வைத்தியர் காரணத்தைத் தேடுவதைப் போல நாமும் தேட வேண்டும். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் முறைவழியாக்கி, நினைவகம், வன்தட்டு ஆகியவை எத்தனை வீதம் வேலை செய்கின்றன என்பது தெரியும். வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே பத்து நிமிடம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 முறைவழியாக்கி, 4 ஜீ.பீ. ரெம், 500 ஜீ.பீ. வன்தட்டு கொண்ட மேசைக் கணினி. பார்த்தபோது முறைவழியாக்கி பெரும்பாலும் 20 வீதத்துக்கும் கீழே ஓய்வாக இருந்தது. நினைவகம் 90 வீதத்தைத் தாண்டியிருந்தது. வன்தட்டு 100 வீதத்திலேயே நின்றது. ஆகவே எல்லோரும் குற்றம் சாட்டிய முறைவழியாக்கி குற்றவாளி அல்ல.

2. வன்தட்டு ஏன் தாமதிக்கிறது?

வன்தட்டினுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன. மேசைக் கணினிகளில் பொதுவாக நிமிடத்துக்கு 7200 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி செக்கன். தேவையான இடம் வாசிப்புத் தலையின் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி செக்கன் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை சரியான தடத்துக்கு நகர வேண்டும். அதற்கும் 9 மில்லி செக்கன் அளவு செல்லும். ஆக ஒவ்வொரு தேடலுக்கும் 13 மில்லி செக்கன். ஒரு செக்கனுக்கு 80 தேடல்கூட முடியாது.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பாகமே இல்லை. அது ஒரு தேடலை ஏறத்தாழ 0.1 மில்லி செக்கனில் முடித்துவிடும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேடப்படுகின்றன. அங்கேதான் இந்த வித்தியாசம் தெரியும்.

நினைவகம் நிறைந்தால் இந்தத் துன்பம் இரட்டிப்பாகும். ரெம் என்னும் தற்போக்குப் பெறுவழி நினைவகத்தில் இடம் போதாதபோது பணிசெயல் முறைமை வன்தட்டின் ஒரு பகுதியை மெய்நிகர் நினைவகமாகப் பயன்படுத்துகிறது. வேகமான இடத்தில் இருக்க வேண்டியவை மெதுவான இடத்துக்குப் போய்த் திரும்புகின்றன. பரீட்சைக்காக நாம் மனனம் செய்யும் அந்தப் பந்தி, வீட்டு மூலையில் நடந்துகொண்டிருந்ததை அன்றுதான் கண்டேன்.

3. அம்டாலின் விதி சொல்லும் பாடம்

மருதமுனையில் நெசவு பார்த்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும். நூல் சுற்றித் தருபவர் தாமதித்தால், எவ்வளவு கைவேகமுள்ள நெசவாளரும் தறியின் முன் காத்திருக்கத்தான் வேண்டும். அவருக்குப் பதிலாக இன்னும் வேகமானவரை அமர்த்தினாலும் சேலை விரைவில் முடியாது. கணினி விஞ்ஞானி ஜீன் அம்டால் 1967 ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்தும் இதுவே. ஒரு பகுதியை மட்டும் வேகமாக்கினால், முழு வேலைக்குக் கிடைக்கும் நன்மை அந்தப் பகுதி எடுத்துக்கொண்ட நேரத்தின் அளவுக்கே இருக்கும்.

ஒரு கணக்குச் செய்வோம். கணினி தொடங்க 240 செக்கன் ஆகிறது, அதில் 200 செக்கன் வன்தட்டுக்காகக் காத்திருப்பு, 40 செக்கன் முறைவழியாக்கியின் வேலை என்று வைத்துக்கொள்வோம்.

முறைவழியாக்கியை இரு மடங்கு வேகமாக்கினால்: 200 + 20 = 220 செக்கன்.
சேமிப்பகத்தைப் பத்து மடங்கு வேகமாக்கினால்: 20 + 40 = 60 செக்கன்.

முதலாவதற்கு அதிக பணம் போகும், இருபது செக்கன் மிஞ்சும். இரண்டாவதற்குக் குறைந்த பணம் போகும், மூன்று நிமிடம் மிஞ்சும்.

4. எவற்றை மாற்றலாம், எவற்றை மாற்ற முடியாது?

ரெம், வன்தட்டு, மின்வழங்கி, விசைப்பலகை ஆகியவற்றைத் தனித்தனியே மாற்றலாம். புதிய தலைமுறை முறைவழியாக்கி பெரும்பாலும் அப்படியல்ல. அது பொருந்தும் குழி தாய்ப்பலகையில் இருக்கிறது. தாய்ப்பலகை மாறினால் ரெம்மின் வகையும் மாற வேண்டி வரும். டீ.டீ.ஆர்.3 வகை ரெம், டீ.டீ.ஆர்.4 க்கு உரிய இடத்தில் பொருந்தாது. இரண்டிலும் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஆகவே "முறைவழியாக்கியை மட்டும் மாற்றுவோம்" என்று தொடங்கினால், பெரும்பாலும் மூன்று பொருட்களும் வாங்க வேண்டி வரலாம். தாய்ப்பலகை வரை வேலை வந்துவிட்டால் அதைத் திருத்தம் என்று எண்ணாமல், புதிய கணினி வாங்கும் செலவாகவே கணக்கிட வேண்டும்.

நம் பிரதேசத்துக்குரிய இன்னொரு விடயமும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பும் ஈரமும் செப்பு முனைகளை அரிக்கின்றன. சில வேளைகளில் கணினி இயங்க மறுப்பதற்கு ரெம் முனைகளில் படிந்த அழுக்கே காரணமாக இருக்கும். மின்னை முற்றாகத் துண்டித்துவிட்டு, ரெம்மைக் கழற்றி, முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துப் பொருத்தினால் சரியாகிவிடுவதுண்டு. ஆனால் மின்வழங்கியின் பெட்டியை மட்டும் நாம் திறக்கக் கூடாது. மின்னைத் துண்டித்த பிறகும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கலாம்.

எங்கள் கணினியில் வேறொரு குறையும் இருந்தது. ஒவ்வொரு முறையும் திகதி பல வருடங்கள் பின்னால் போய்விடும். இணையப் பக்கங்கள் "பாதுகாப்பற்றது" என்று திறக்க மறுத்தன. காட்டிய ஓரிடத்தில் தாய்ப்பலகை பழுது, இனிச் சரிவராது என்றார்கள். உண்மையில் தீர்ந்திருந்தது தாய்ப்பலகையில் உள்ள 3 வோல்ற்று நாணய மின்கலம். சீ.ஆர். 2032 என்ற அந்த வகை சாதாரணக் கடைகளிலும் கிடைக்கும். மின் இல்லாத வேளையில் கணினியின் கடிகாரத்தை அதுவே ஓட வைக்கிறது. இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினியின் திகதி பிழைத்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். தேநீர்க் கடைச் செலவு அளவில் தீரும் குறைக்காக ஒரு காப்பு கையை விட்டுப் போக இருந்தது.

5. பணிசெயல் முறைமை என்னும் தடை

வன்பொருள் சரியென்றாலும் மென்பொருள் ஒரு தடையாக வரும். விண்டோஸ் 10 க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தியது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைப் பெற ஒரு வழி வைத்தது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய முறைவழியாக்கியும், டீ.பீ.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் வேண்டும். எங்களைப் போன்றோரின் நான்காம் தலைமுறைக் கணினி அந்த வாசலைத் தாண்டாது.

ஆதரவு நின்றவுடன் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் இருக்கும். அப்படிப்பட்ட கணினியில் வங்கிக் கணக்கையோ முக்கியமான மின்னஞ்சலையோ திறப்பது, பூட்டு உடைந்த கதவைச் சாத்தி வைப்பதைப் போன்றது.

இன்னொரு வழி லினக்ஸ். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய அந்த மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்றவை இலவசமாகக் கிடைக்கின்றன. 4 ஜீ.பீ. ரெம்மிலும் லினக்ஸ் மின்ட் நடக்கும், 8 இருந்தால் சுகமாக நடக்கும். நமது பாடத்துக்குத் தேவையான பைதன், மைஎஸ்கியூஎல், பீ.எச்.பீ. மூன்றும் அதில் இயங்கும். கட்டுரை எழுத லிப்ரே ஒபிஸ் உண்டு. தமிழ் யுனிகோட் தட்டச்சும் உண்டு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் மறவாமல் பிரதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தமிழுக்குப் பதிலாக அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்.

குறையையும் சொல்ல வேண்டும். விண்டோஸுக்கென்றே செய்யப்பட்ட சில மென்பொருட்களும் விளையாட்டுகளும் லினக்ஸில் ஓடாது. வீட்டில் யாருக்காவது அப்படியொன்று தொழிலுக்குத் தேவை என்றால் அதை முதலில் கேட்டறிய வேண்டும்.

6. வருடக் கணக்கு

மொத்த விலையை மட்டும் பார்த்தால் முடிவு பிழைக்கலாம். ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பின்வருவன கணக்கைக் காட்ட நான் எடுத்த எண்கள், கடை விலைகள் அல்ல.

திருத்தம்: 20,000 ரூபா, 3 வருடம் உழைக்கும் எனில் வருடத்துக்கு 6,667 ரூபா.
புதியது: 160,000 ரூபா, 8 வருடம் உழைக்கும் எனில் வருடத்துக்கு 20,000 ரூபா.

இதன்படி திருத்திய கணினி ஒரு வருடம் உழைத்தாலே செலவு சமமாகிவிடும். ஆனால் ஆறு மாதத்தில் நின்றுவிட்டால் திருத்தமே விலை கூடியதாகும். எனவே தாய்ப்பலகையில் உள்ள கொள்ளளவிகள் வீங்கியிருந்தால், காரணமின்றி அடிக்கடி அணைந்தால், ஒரு பாகத்தை மாற்றியும் குறை தீராவிட்டால், திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும்.

புதிய மடிக்கணினியின் பக்கமும் நியாயம் உண்டு. மேசைக் கணினி ஏறத்தாழ 80 வாற்று, மடிக்கணினி 30 வாற்று எனக் கொண்டால், தினமும் 5 மணித்தியாலம் பாவிக்கும்போது மாதத்துக்கு 12 அலகும் 4.5 அலகும் செலவாகும். 2022 இல் நாளில் பல மணித்தியாலம் மின் துண்டிக்கப்பட்டபோது, மின்கலம் உள்ளவர்களே படித்தார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு செல்லவும் மடிக்கணினிதான் உதவும். பாவித்த கணினி வாங்குவோர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வாங்காதிருப்பது நல்லது.

7. அமானிதமும் வீண்விரயமும்

உலகில் 2022 ஆம் ஆண்டில் மட்டும் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவு உருவானதாக ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. அதில் முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கணினிப் பாகங்களில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. குப்பையோடு கொட்டினால் அவை நம் மண்ணுக்கும் கிணற்றுக்கும் வந்து சேரலாம். வீண்விரயத்தை நமது மார்க்கம் கண்டித்திருப்பது உணவுக்கு மட்டும் உரியதல்ல.

கணினியை விற்பதாயினும் கொடுப்பதாயினும் ஒன்றை மறக்காதீர்கள். கோப்பை அழித்தால் பெரும்பாலும் அதன் முகவரிதான் நீங்குகிறது. வன்தட்டில் தரவு அப்படியே கிடக்கும், மீட்டெடுக்கத் தெரிந்தவர் எடுப்பார். வீட்டுப் பெண்களின் புகைப்படங்கள் இருந்த வன்தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்ட பிறகே பெட்டியைக் கொடுங்கள். அதேபோல் திருத்தத் தொடங்கும் முன்பே முக்கியமானவற்றைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். மௌத்தாகிவிட்ட எங்கள் உம்மம்மாவின் சில படங்கள் அந்த ஒரு வன்தட்டில் மட்டுமே இருந்தன. நாங்கள் முதலில் செய்த வேலை அவற்றைக் காப்பாற்றியதுதான்.

8. எங்கள் முடிவு

வாப்பாவிடம் இந்தக் கணக்குகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்று கடைகளில் விலை கேட்டு வந்தார். ஓர் எஸ்.எஸ்.டி., 4 ஜீ.பீ. மேலதிக ரெம், ஒரு நாணய மின்கலம் வாங்கினோம். லினக்ஸ் மின்டை நானே நிறுவினேன். முதல் முறை பிழைத்தது, இரண்டாம் முறை சரிவந்தது. இப்போது ஒரு நிமிடத்துக்குள் கணினி தயாராகிறது. தம்பிக்கு அவனுடைய விளையாட்டு போய்விட்ட கோபம் இன்னும் இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைத்தால் மடிக்கணினி தேவைப்படும். அதற்காக உம்மா மாதாமாதம் சீட்டுக் கட்டத் தொடங்கியிருக்கிறார்.

சகோதரிகளே, எல்லா வீட்டுக்கும் இதே முடிவு பொருந்தாது. சில வீடுகளில் புதியது வாங்குவதே சரியாக இருக்கும். ஆனால் எந்த முடிவாயினும் அதை எடுக்கும் முன் அளந்து பாருங்கள், கணக்குப் போடுங்கள், தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நாம் படிப்பது பரீட்சைத் தாளுக்கு மட்டுமல்ல. இந்தக் கட்டுரையை அந்தப் பழைய கணினியில்தான் தட்டச்சு செய்தேன். உம்மாவின் இரண்டு காப்பும் அவர் கையிலேயே இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ்.