காற்றில் வரும் இணையம்

நுழையும்முன்

தேநீர்க் கடைகளிலும் காப்பிக் கடைகளிலும் "இங்கு வைஃபை இலவசம்" என்னும் அறிவிப்பைக் கண்டிருப்பீர்கள். திறன்பேசியில் இணைப்புக் குறி முழுமையாகத் தெரிந்தும், பக்கம் திறவாமல் சுழன்றுகொண்டே இருப்பது ஏன்? அவ்விணைப்பை எந்த அளவிற்கு நம்பலாம்? இப்பாடத்தைப் படித்து விடை காண்போம்.

பாடம்

பெங்களூருவின் கன்டோன்மென்ட் பகுதியில் அமைந்துள்ளது சிவாஜிநகர். முற்காலத்தில் பிளாக்பள்ளி என வழங்கப்பட்ட இப்பகுதியில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். புனித மரியன்னை பேராலயமும், 1933ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரசல் சந்தையும் இதன் அடையாளங்கள் ஆகும்.

இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ளது பிரிகேட் சாலை. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டே பிரிகேட் சாலையில் கஃபே காஃபி டே நிறுவனம் தன் முதல் கடையைத் திறந்தது. காப்பியோடு இணையத்தையும் சேர்த்து வழங்கிய கடை அது. அன்று இணையம் கம்பி வழியாகக் கணினிக்கு வந்தது. இன்று அது வானொலி அலையாகக் காற்றில் வந்து திறன்பேசியை அடைகிறது. இம்முறையையே வைஃபை என்கிறோம். தமிழில் அருகலை என்றும் கூறுவர்.

2014 சனவரியில் கர்நாடக அரசு எம்.ஜி. சாலை, பிரிகேட் சாலை முதலிய இடங்களில் "நம்ம வைஃபை" என்னும் இலவசச் சேவையைத் தொடங்கியது. 'நம்ம' என்னும் சொல் கன்னடத்திற்கும் நம் பேச்சுத் தமிழுக்கும் பொதுவாக இருப்பதை எண்ணி மகிழலாம். 2016இல் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் ரெயில்டெல், கூகுள் நிறுவனங்கள் இணைந்து தொடங்கிய சேவை, 2018இல் 400 நிலையங்களை எட்டியது. சிறு கடைக்காரரும் பொது வைஃபை வழங்க வழிசெய்யும் 'பிஎம் வாணி' திட்டத்திற்கு 2020 திசம்பரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

இத்தனை முயற்சிகளுக்குப் பின்னும் பொது இணைப்பு அடிக்கடி தடைப்படுவதேன்? மூன்று காரணங்களை அறிவோம்.

முதலாவது, பங்கீடு. கடைக்கு வரும் இணைப்பின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் எனக் கொள்வோம். இருபத்தைந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், சமமாகப் பிரித்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது 4 மெகாபிட்டே. அவர்களுள் சிலர் பெரிய காணொலிகளைப் பதிவிறக்கினால் ஏனையோர் பங்கு இன்னும் குறையும்.

இரண்டாவது, நெரிசல். சந்தையில் இருவர் ஒரே நேரத்தில் உரக்க விலை கூறினால் இருவர் சொல்லும் விளங்காது. வைஃபையும் அத்தகையதே. ஒரே அலைத்தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச வேண்டும். மற்றவை காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்சு அலைவரிசையில் ஒன்றோடொன்று கலவாத தடங்கள் மூன்றே உள்ளன. அடுத்தடுத்து நெருங்கிய கடைத்தெருவிலோ பல கடைகளின் கருவிகள் அவற்றையே பகிர்ந்துகொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் இதே அலைவரிசையில் இயங்குவதால் அதுவும் இடையூறு செய்யும். தொலைவில் அமர்ந்தவரின் கருவி மெதுவாகப் பேசுவதால் அருகில் இருப்பவரும் கூடுதலாகக் காத்திருக்க நேரிடும்.

மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத இரண்டாம் பாதை. திறன்பேசியில் தெரியும் குறி, உங்கள் கருவிக்கும் கடையில் உள்ள ரூட்டருக்கும் இடையிலான அலையின் வலிமையை மட்டுமே காட்டுகிறது. ரூட்டரிலிருந்து வெளியுலகிற்குச் செல்லும் கம்பி அறுபட்டிருந்தாலும் குறி முழுமையாகவே தெரியும். வாயில் திறந்திருப்பதால் மட்டும் சாலை சீராக உள்ளது எனக் கூற இயலுமா?

இதனால் விளையும் இழப்பு சிறிதன்று. வீட்டில் தனி இணைப்பு இல்லாத மாணவர், உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாளில் பொது வைஃபை வழியாக அனுப்ப முயல்கிறார் எனக் கொள்வோம். பாதியில் இணைப்பு அறுந்தால் ஓராண்டு வாய்ப்பே கைநழுவக்கூடும். ஆகவே, காலக்கெடு உள்ள பணிகளைச் சில நாள்களுக்கு முன்பே முடித்தல் வேண்டும். ஒப்புகைச் சீட்டைச் சேமித்துக்கொள்ளுதல் வேண்டும்.

வேறோர் இடரும் உண்டு. வைஃபைக்கு எப்பெயரையும் எவரும் இடலாம். கடையின் பெயரிலேயே போலி இணைப்பை ஒருவர் அமைத்து, அதில் நுழைவோரின் கடவுச்சொல்லைக் கவர முயலலாம். ஆகவே, இணையும் முன் சரியான பெயரைக் கடைக்காரரிடம் கேட்டறிக. நுழைவதற்குக் கைப்பேசி எண்ணும் அதற்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் கேட்பது வழக்கம். வங்கி அட்டை எண்ணையோ, வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ கேட்டால் உடனே விலகுக. முகவரிக்கு அருகில் தெரியும் பூட்டுக் குறி, செய்தி மறைகுறியாகச் செல்கிறது என்பதை மட்டுமே காட்டும். அத்தளம் நேர்மையானது என்பதற்கு அது சான்றாகாது. பெற்றோரின் திறன்பேசியைப் பயன்படுத்தும்போது இவ்விழிப்பு இன்றியமையாதது. அவர்கள் உழைத்துச் சேர்த்த பணம் அக்கருவியோடு இணைந்துள்ளது அன்றோ!

பொது இணைப்பு ஊரார் அனைவருக்கும் உரிய பொதுக் குழாய் போன்றது. செய்தி படிக்கவும் பாடம் தேடவும் அது பயன்படும். பணம் செலுத்துதல் போன்ற பணிகளுக்கு வீட்டு இணைப்பையோ, கைப்பேசியின் சொந்த இணைப்பையோ நாடுவதே நன்று.

அருஞ்சொற்பொருள்

திறன்பேசி – ஸ்மார்ட்போன்
அலைத்தடம் – வானொலி அலை செல்லும் வரையறுத்த பாதை
ஒப்புகைச் சீட்டு – பெற்றுக்கொண்டதற்கான சான்று
மறைகுறி – பிறர் படிக்க இயலாதவாறு மாற்றிய எழுத்து
இடர் – துன்பம்

பயிற்சிகள்

அ) சரியா, தவறா எனக் கூறுக.
1. இணைப்புக் குறி முழுமையாக இருந்தால் இணையம் கட்டாயம் கிடைக்கும்.
2. பூட்டுக் குறி உள்ள எல்லாத் தளங்களும் நேர்மையானவை.

ஆ) பிரித்து எழுதுக.
1. அவ்விணைப்பு
2. தேநீர்
3. கண்ணுக்குப்புலப்படாத

இ) ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வைஃபை நெரிசலுக்குச் சந்தை எவ்வாறு உவமையாகிறது?
2. 60 மெகாபிட் இணைப்பை 15 பேர் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்குக் கிடைக்கும் வேகம் யாது?

ஈ) செய்து பார்க்க.
பொது வைஃபையில் செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை என ஐந்தைந்து தொடர்களைத் தமிழில் எழுதி, வீட்டில் உள்ள பெரியோருக்குப் படித்துக் காட்டுக.