யூனிட் போடும் முன் படிக்க



உங்கள் கடிதம் கிடைத்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறீர்கள், சீக்கிரமே சொந்தமாக யூனிட் போட நினைக்கிறீர்கள், அதற்குள் என்ன படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தன்னம்பிக்கைப் புத்தகங்கள் அலமாரி நிறைய இருக்கின்றனவாம். அவை அங்கேயே இருக்கட்டும். கடன் வாங்கி மெஷின் போடத் துணிந்தவருக்கு இன்னும் துணிச்சல் எதற்கு? வேலை எங்கே தேங்குகிறது, பணம் எங்கே முடங்குகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லித்தரும் புத்தகங்கள்தான் உங்களுக்கு வேண்டும்.

எலியாஹு கோல்ட்ராட்டும் ஜெஃப் காக்ஸும் எழுதிய 'தி கோல்' 1984இல் வந்தது. பாடநூல் இல்லை, நாவல். மூன்று மாதத்துக்குள் தேறாவிட்டால் மூடிவிடுவோம் என்ற மிரட்டலுக்கு நடுவே ஒரு தொழிற்சாலையை நடத்தும் மேலாளரின் கதை. ஒரு கட்டத்தில் அவர் சாரணச் சிறுவர்களை நடைப்பயணம் அழைத்துப் போகிறார். ஹெர்பி என்ற பையன் மெதுவாக நடக்கிறான். முன்னால் போகிறவர்கள் எவ்வளவு வேகமாக நடந்தாலும், கூட்டம் போய்ச்சேருவது ஹெர்பியின் வேகத்தில்தான். அவனை முன்னால் நிறுத்தி, அவன் மூட்டையைப் பிரித்து மற்றவர்களிடம் கொடுத்ததும் எல்லாரும் சேர்ந்து வேகமாகிறார்கள். உங்கள் கம்பெனியையே பாருங்கள். பிரின்டிங்குக்கு அனுப்பிய பீஸ் திரும்பி வராதபோது, கட்டிங் மாஸ்டரை விரட்டி இன்னும் வெட்டச் சொன்னால் என்ன ஆகும்? துணியில் முடங்கிய பணம் கூடும், ஒரு டஜன்கூட அதிகமாக ஏற்றுமதி ஆகாது. நாவலாகச் சுமார் ரகம்தான். மனைவியோடு சண்டை வரும் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள்.

அடுத்தது புத்தகமே இல்லை. வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய, 1985ஆம் ஆண்டுக்கான கடிதம். பெர்க்‌ஷயர் ஹாத்வே என்றால் இன்று காப்பீடும் முதலீடும் நினைவுக்கு வரும். 1965இல் அதன் நிர்வாகம் பஃபெட் கைக்கு வந்தபோது அது ஒரு ஜவுளி ஆலை. இருபது வருடம் இழுத்துப்பிடித்துப் பார்த்துவிட்டு, 1985இல் ஆலையை மூடினார். ஏன் என்று அந்தக் கடிதத்தில் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் நவீன இயந்திரம் வாங்கும் கணக்கு, தனியாகப் பார்த்தால் லாபமாகவே தெரிந்தது. போட்டியாளர்கள் எல்லாரும் அதே கணக்கைப் போட்டு அதே இயந்திரத்தை வாங்கினார்கள். விலை இறங்கியது, மிச்சமான காசு துணி வாங்கியவனுக்குப் போனது. 1981இல் ஒன்று சுமார் 5,000 டாலருக்கு வாங்கிய தறிகளைக் கடைசியில் 26 டாலர் வீதம் பழைய இரும்பாக விற்றார்கள். கழற்றி எடுக்கும் கூலிக்குக்கூட அது போதவில்லை. மெஷின் விற்க வரும் ஏஜென்ட் உங்கள் முன் கொட்டேஷனை நீட்டும் நாளில் இந்தக் கடிதம் நினைவில் இருக்க வேண்டும். அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

ஆட்களை வைத்து வேலை வாங்குவது பற்றி ஒன்றே ஒன்று போதும்: இன்டெலின் ஆண்ட்ரூ குரோவ் 1983இல் வெளியிட்ட 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்'. முட்டை, ரொட்டி, காபி மூன்றையும் சூடாக ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவருவது எப்படி என்று தொடங்கி உற்பத்தி முறையை விளக்கிவிடுவார்.

நம் நாட்டிலிருந்து, பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியனின் சுயசரிதை 'ஐ டூ ஹேட் எ ட்ரீம்'. சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். 1949இல் குஜராத்தின் ஆனந்துக்குப் போனார். எருமைப்பாலில் பவுடர் செய்யவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை அவருடைய சகா தலாயா பொய்யாக்கிய கதை இதில் இருக்கிறது. முதலாளி இல்லாத ஓர் அமைப்பில், பால் ஊற்றும் விவசாயிகளிடம் சம்பளம் வாங்கும் ஊழியராக இருந்துகொண்டே இவ்வளவையும் நடத்தியிருக்கிறார். தன் கதையைத் தானே சொல்வதால் எதிராளிகளுக்கு அதில் நியாயம் கிடைக்காது. அந்த எச்சரிக்கையோடு படியுங்கள்.

பஃபெட் கடிதத்தில் தொடங்குங்கள், ஒரே இரவில் முடிந்துவிடும். பிறகு 'தி கோல்'. அதை முடித்ததும் உங்கள் கம்பெனியில் பீஸ் எந்த இடத்தில் குவிகிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். நான் பிரின்டிங் என்று ஊகித்திருக்கிறேன். செக்கிங்காகவும் இருக்கலாம்.